பவளத்துக்குச் சாப்பாடு

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அக்காவுக்கு அந்த மிடுக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. தம்பி வீட்டுக்குள் நுழைந்தவள், "வாங்க" என்று சொல்லக்கூட இடம் கொடுக்காமல் ஒவ்வொரு ஜன்னலாக ஆட்டிப் பார்த்தாள்.

"கம்பி வளையலை, பூட்டு உடையலை. அம்மாவோட முத்து மாலை மட்டும் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

தம்பி பல் டாக்டர். ஊரே அவன் முன்னால் வாயைப் பிளக்கும். அக்கா முன்னால் மட்டும் அவனுக்கு வாய் திறக்காது.

மாலை லேசுப்பட்ட மாலை இல்லை. ஏழு சரம், அத்தனையும் நிஜ முத்து. மருமகளிடம் இருக்கட்டும், பேத்தி கல்யாணத்துக்கு அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். அந்தப் பேத்திக்கு, அதாவது அக்கா மகளுக்கு, அடுத்த வாரம் கல்யாணம். மாலையைக் கேட்டு அக்கா போன் செய்தபோதுதான், "திருட்டுப் போயிடுச்சு அண்ணி" என்று தம்பி மனைவி ஓவென்று அழுதாள்.

அக்காவின் பார்வை, கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடித் தொட்டியில் போய் நின்றது. உள்ளே கடல் மாதிரி உப்புத் தண்ணீர். அதில் ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று உயிருள்ள பவளங்கள் கிளை விட்டிருந்தன.

"போன தடவை வந்தப்ப இதெல்லாம் சுண்டு விரல் அளவுதானே இருந்துச்சு? இப்பப் புதர் மாதிரி நிக்குது. இதுக்குத் தீனி போட எங்கேருந்துடா பணம்?"

தொட்டியைப் பற்றிக் கேட்டதும் தம்பிக்கு வாய் திறந்துகொண்டது.

"அதுதான்க்கா எனக்கே ஆச்சரியம்! பவளம் வளரணும்னா தண்ணியில கால்சியமும் காரத்தன்மையும் ஏறாம இறங்காம ஒரே அளவுல நிக்கணும். கொஞ்சம் தடுமாறினாலும் வெளுத்துப் போய் செத்துடும்."

'காரத்தன்மை' என்ற சொல் காதில் விழுந்ததும் மனைவி எழுந்து டீ போடப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லைத் தாண்டி அவள் எதையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்நேரம் பைத்தியம் பிடித்திருக்கும் என்பது அவள் கட்சி.

தம்பி தொட்டிக்குக் கீழிருந்த அலமாரியைத் திறந்து, வெள்ளைச் சுண்ணாம்புக் கல் நிரம்பிய தடித்த குழாய் ஒன்றைக் காட்டினான்.

"சோடா மாதிரி கேஸ் ஏத்தின தண்ணி இதுக்குள்ள சுத்தும்க்கா. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு மேல கொண்டுபோகும். ரெண்டு சத்தும் அதுலயே வந்துடும். மத்த வருஷமா இருந்தா இதுக்குள்ள ரெண்டு தடவை கல்லு வாங்கிப் போட்டிருப்பேன். இந்தத் தடவை மூடியைத் தொடவே இல்லை. ஆனாலும் காலையில சோதிச்சா அளவு கிண்ணுனு நிக்குது!"

"செலவே இல்லாம வளருதாக்கும்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா. மேல தொங்குற விளக்கு புதுசுதானே?"

"அது... பல் கட்டிக்கிட்டவர் ஒருத்தர் ஃபீசுக்குப் பதிலாக் குடுத்துட்டுப் போனார்."

சொன்னது நிஜம்தான். ஆனால் அவன் சொன்ன விதத்தில் அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"வெளியே திருடுறவன் இப்படி வேர்க்க மாட்டான். சொந்த வீட்டுல கை வைக்கிறவனுக்குத்தான் இப்படிக் கொட்டும்" என்றாள் அக்கா. "அம்மா கழுத்துல கிடந்ததை வித்து மீன் தொட்டியில கொட்டியிருக்கியேடா, பாவி!"

"மீன் தொட்டி இல்லைக்கா, பவளத்..."

"வாயை மூடு! கிளம்பு ஸ்டேஷனுக்கு. தம்பியாச்சேன்னு விட்டா நான் போட்ட காக்கிக்கே அவமானம்."

"அம்மா சத்தியமா நான் எடுக்கலைக்கா!" தம்பி நிஜமாகவே அழுதுவிட்டான். அக்கா விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

பின்னால் டீத்தட்டு விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது.

"அவரை விடுங்க அண்ணி! நான்தான் எடுத்தேன்."

அக்காவின் பிடி தானாகத் தளர்ந்தது.

"இத்தனை வருஷம் என் கழுத்துல கிடந்த மாலை. குடுக்க மனசு வரலை" என்று மனைவி விசும்பினாள். "போன வருஷம் உங்க பொண்ணுக்கு நிச்சயம் ஆனதுமே ஒளிச்சு வெச்சுட்டேன். பழி இவர் தலையில விழும்னு நான் நினைக்கவே இல்லை. இவரை விடவா எனக்கு முத்து பெருசு?"

அக்காவுக்கே கண் கலங்கிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் இத்தனை சுலபமாக ஒருவரும் அவளிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை.

"சரி, அழாதே. ஸ்டேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மாலை பத்திரமா இருக்குல்ல?"

"ஐயோ, ஒரு முத்து குறையாது! யாருமே திறக்காத இடம் அண்ணி. வெள்ளையோட வெள்ளையாக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது" என்று மூக்கை உறிஞ்சியபடி மனைவி தொட்டிக்குக் கீழே குனிந்தாள். "இவர் புதுசாக் கல்லு நிரப்பின அன்னிக்கே நட்ட நடுவுல புதைச்சுட்டேன்."

"எதுல? இந்தக் குழாயிலயா?" என்ற தம்பி, நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தான். நாற்காலி இல்லை.

மனைவி சுவிட்சை அணைத்து, மூடியைத் திருகி, கல்லுக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெளியே வந்த கையில் ஒரு தங்கக் கொக்கி இருந்தது. அதிலிருந்து ஏழு வெறும் நூல்கள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கின.

மேலே தொட்டிக்குள், அம்மாவின் முத்து மாலை ஊதாவும் பச்சையும் ஆரஞ்சுமாகக் கிளை விட்டு, அமோகமாக வளர்ந்து நின்றது.