ஒரு வாய் கேக்

“வயித்து வலிக்கெல்லாம் தனியா ஒரு பேரா? எங்க காலத்துல அதுக்குப் பேரு வயித்து வலிதான்!”

அப்பா சொன்னதும் டிப்போ ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றைக்கு அவருக்குப் பணி ஓய்வு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காகவே காலத்தை ஓட்டியவர். கிரீஸ் படிந்த மேஜையைத் துணியால் மூடி, அதன்மேல் பெரிய கேக் ஒன்றை வைத்திருந்தார்கள். வெட்டிய முதல் துண்டை மகளின் வாய்க்கு நேராக நீட்டினார் அப்பா.

“வேணாம்ப்பா. கோதுமை, மைதா, பால் எதுவும் எனக்கு ஆகாதுன்னு சொன்னேன்ல?”

“ஒரு வாய்தானேம்மா.”

“ஒரு வாய்னாலும் ஆகாதுப்பா. போன தடவ உங்களுக்காக ரெண்டு ரொட்டி சாப்பிட்டுட்டுப் படுத்த படுக்கையா கெடந்தேனே, மறந்துட்டீங்களா?”

“அப்பன் கையால குடுத்தா விஷமா?”

சிரிப்பு சட்டென்று நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

“ஊர்ல யாருக்கும் இல்லாத வயிறு உனக்கு! நல்லா நடிக்கற போ” என்று துண்டைத் தட்டில் போட்டார், அத்தனை பேர் முன்னாலும்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான். அதன் பிறகு அப்பா வீட்டுப் படியே ஏறவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. வருஷக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே லென்ஸ் மாட்டியவள். ஒருவழியாகக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு, கணவன் ஒரே நாளில் சமையலறையைத் தலைகீழாக மாற்றினான். கடையில் கூட வேலை பார்ப்பவர்கள்கூடப் பிஸ்கட் பொட்டலத்தைத் தள்ளி வைத்துச் சாப்பிட்டார்கள். பெற்ற அப்பாவுக்கு மட்டும் அது நடிப்பு.

“உங்க வீட்ல மத்தவங்களையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க. இது ரத்த சொந்தத்துல வர்றது” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் சொல்லவில்லை. சொன்னால் அப்பா இன்னொரு தடவை சிரிப்பார். நமக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டாள்.

அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். அப்பாவைப் பற்றி அம்மாவும் எடுக்க மாட்டாள், இவளும் கேட்க மாட்டாள்.

ஒரு நாள் காலையில் அம்மாவின் குரல் நடுங்கியது.

“அப்பா மாடிப்படியில மயங்கி விழுந்துட்டார்டி. ரத்தம் ரொம்பக் கம்மியாம். மாத்திரை மாத்திரையா முழுங்கறார், ஏறவே மாட்டேங்குது.”

போய்ப் பார்த்தாள். சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல அவர் உடம்பில் தொங்கியது.

“டாக்டரம்மா வந்துட்டாங்களா?” என்றார். கிண்டலுக்குக்கூட வலு இல்லை.

“எந்திரிங்கப்பா. என் டாக்டர்கிட்ட போலாம்.”

ஏனோ அவர் மறுக்கவில்லை.

மகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“சாப்பிட்டதும் வயிறு வலிக்குமா சார்?”

“வலிக்கும்.”

மழை பெய்யுமா என்று கேட்டால் பெய்யும் என்பதுபோல இருந்தது பதில்.

“எப்போலேருந்து?”

“எப்போலேருந்துன்னா? எப்பவும்தான். சின்ன வயசுலேருந்தே.”

மகள் திரும்பிப் பார்த்தாள். “ஏம்ப்பா, ஒரு நாள்கூடச் சொல்லலையே?”

“இதுல சொல்ல என்னம்மா இருக்கு?”

கூட வந்திருந்த அம்மா குறுக்கிட்டாள். “ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் வயித்துக்குத் தலகாணியை அண்டக் குடுத்துக் குப்புறப் படுத்துக்குவார் டாக்டர். அது அவரோட பழக்கம்னு நெனச்சுட்டேன்.”

மகளுக்குச் சின்ன வயது ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்ல ஓடுவாள், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ‘போய் அந்தாண்ட வெளையாடு’ என்பார். அப்பாவுக்கு நம்மைப் பிடிக்காது என்று எத்தனை ராத்திரி அழுதிருக்கிறாள்.

“உங்க பொண்ணுக்கு இருக்கிறதுதான் உங்களுக்கும் இருக்கும்போலிருக்கு சார். டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்” என்றார் டாக்டரம்மா. “முன்னாடியே வந்திருக்கலாமே. வீட்ல எல்லாரையும் பார்க்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தேனே?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இருங்க, இருங்க. சாப்பிட்டா வயிறு வலிக்கத்தானே செய்யும்? எல்லாரும் வெளியில காட்டிக்காம பொறுத்துக்கறாங்க, நம்ம பொண்ணுக்கு மட்டும் பொறுமையே இல்லன்னுல்ல நான் கோவப்பட்டேன்...”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

அப்பா மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் குழந்தைக் குரலாக இறங்கியிருந்தது.

“ஏன்... உனக்கெல்லாம் சாப்பிட்டா வலிக்கவே வலிக்காதா?”