பிரியாத வண்டி

விற்பனையாளர் சொல்வதை எழிலரசி பொறுமையாகக் கேட்டாள். புது வண்டியின் மூன்று இருக்கை வரிசைக்கும் தனித்தனியாக நான்கு சக்கரங்கள். ஒரே வண்டியாகக் கிளம்பினாலும், பாதி வழியில் கடைசி வரிசை மகளோடு கல்லூரிக்கும், நடுவரிசை மகனோடு பள்ளிக்கும் தானாகப் பிரிந்து போய்விடும். அவள் சாமான்களோடு நேராகத் தன் கடைக்குப் போகலாம்.

"பிரியாத மாடல் இருக்கா?"

"அந்தா மூலையில நிக்குது மேடம். ஆனா எல்லாரையும் இறக்கிவிட நாற்பது நிமிஷம் கூட ஆகுமே!"

அதற்குள் அதில் ஏறிவிட்ட பிள்ளைகள் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப இருக்கிற வண்டியும் பிரியிறதுதான் தம்பி. இதுங்க ரெண்டும் சண்டை போட்டே ஒரு வருஷம் ஆச்சு. அந்த நாற்பது நிமிஷம்தான் எனக்கு வேணும்."

"சரி மேடம். பூஜைக்கு, சக்கரத்துக்கு அடியில வைக்க எலுமிச்சம்பழம் பன்னிரண்டு சொல்லிடறேன்," என்றார் அவர், பழக்கத்தில்.

"எதுக்குப் பன்னிரண்டு? நாலு போதும்," என்றாள் எழிலரசி.