பலகையின் நுனி

பலகையில் ஏறியவர்கள் எல்லாரும் அலறினார்கள்.

நிஜப் பலகைதான். கடையின் நடுவில் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆனால் கண்ணை மூடி மறைக்கும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதன்மேல் காலை வைத்துவிட்டால், ஐம்பதாவது மாடி விளிம்பிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை அது.

மீசைக்காரர் ஒருவர், பார்த்தால் யாருக்கும் அஞ்சாத ஆள், இரண்டடி வைத்ததும் முட்டி போட்டுவிட்டார். கல்லூரிப் பெண்கள் இருவர் கையைக் கோத்துக்கொண்டு ஏறி, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார்கள். வேடிக்கை பார்த்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஹெட்செட்டை இப்போதே வாங்கிவிடுவதா, பொறுத்து வாங்குவதா என்று மனம் அல்லாடிக்கொண்டிருந்தது.

"அவசரப்படாதக்கா. ஆறு மாசத்துல புது மாடல் வருது. எடையும் பாதி, படமும் இன்னும் தெளிவு," என்று தம்பி போனில் சொல்லியிருந்தான்.

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த ஆறு மாதத்தை அவள் எப்படித் தள்ளப்போகிறாள் என்பது தம்பிக்குத் தெரியாது. யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

கணவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எக்ஸ்ரே எடுப்பவர். ஜன்னலே இல்லாத அந்த அறையில் இத்தனை வருஷம் நின்றும் ஒருநாள்கூட அவர் சிடுசிடுத்து அவள் பார்த்ததில்லை. ஒரு காலையில் சட்டையை மாட்டியவர், பொத்தான் போடாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் இல்லை. வலி இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்.

பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. மதியமானால் வீட்டுக்குப் போன் போடுவாள். மணி போய்க்கொண்டே இருக்கும். அவர் எடுத்து "ம்" என்கிறவரை அவளுக்கு மூச்சு வராது. எதற்கு இவ்வளவு பயம் என்று மட்டும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே கடலும் காடும் பார்க்கலாமாம். மனசு கொஞ்சமாவது திரும்பாதா என்ற நப்பாசையில்தான் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

"அடுத்து நீங்க வாங்க சார்," என்றாள் கடைப்பெண்.

கணவர் மறுத்துவிடுவார் என்று நினைத்தாள். போனார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுப் பலகையில் ஏறினார்.

கையை விரிக்கவில்லை. தடுமாறவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர்போல நடந்தார். நுனிக்குப் போனதும் நின்று, குனிந்து கீழே பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் ஆனது.

"பயமா இருந்தா திரும்பிடுங்க சார்."

அவர் திரும்பவில்லை. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார்.

அவர் காண்பதைக் காட்டும் பக்கத்துத் திரையில் தெரு சுழன்றுகொண்டு மேலே வந்தது. கூட்டம் கைதட்டியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கருவிக்குக் கீழே வாய் மட்டும்தான் தெரிந்தது. அதில் துளிப் பதற்றம் இல்லை. இத்தனை நாளாக வீட்டில் அவள் தேடிக்கொண்டிருந்த அமைதி அங்கே இருந்தது.

கடைப்பெண் ஹெட்செட்டைக் கழற்றினாள். "செம தைரியம் சார்! நிஜமாவே மாடியில நிக்கற மாதிரி இருந்துச்சுல்ல?"

அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு யோசித்தார்.

"இல்லம்மா. மேல காத்து இப்படிச் சும்மா இருக்காது. சட்டையப் புடிச்சு இழுக்கும்."

"அதெல்லாம் புது மாடல்ல வந்துடும் சார்!" கடைப்பெண் சிரித்தபடி இவள் பக்கம் திரும்பினாள். "என்னக்கா, இப்பவே பேக் பண்ணட்டுமா? இல்ல, வெயிட் பண்றீங்களா?"

அவள் காதில் அது விழவே இல்லை. அவர்கள் குடியிருப்பது தரைத்தளம். அவர் வேலை பார்த்தது அதற்கும் கீழே.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தாள்.

"எந்த மாடிங்க?"

குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆஸ்பத்திரி மொட்டை மாடி. நேத்துக்கூடப் போனேன்."

பிடித்த கையை அவள் விடவில்லை. அப்படியே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கண்ணில் பட்ட முதல் டாக்சியை நிறுத்தி ஏறினாள். போகவேண்டிய இடத்தை ஓட்டுநரிடம் சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருமே நன்றாகத்தான் இருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கா? யாருக்கும்மா முடியல?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத்தான்," என்றார் கணவர்.