நாக்கைத் தொட்டுக் காட்டுகிறவன்

முதுகு நிமிர மறுக்கிறது. விடியலிலிருந்து சுண்ணாம்புக் காளவாயில் சிப்பி சுமந்த மாடத்தி, இடுப்பில் கையூன்றி நிற்கிறாள். யோவேல் உபதேசியார் பனையில் தொங்கவிட்ட நரகப்படம் காற்றில் படபடக்கிறது. சிவப்புத் தீக்குள் ஒருவன் தண்ணீர் கேட்டு நாக்கைத் தொட்டுக் காட்டுகிறான். “ஞானஸ்நானம் எடுக்காதவனுக்கு இதுதான் கெதி,” என்கிறார் உபதேசியார். “அங்க கூலி உண்டுமா உபதேசியாரே? இங்க வேகுததுக்கு அரைச்சக்கரக் காசு தாறாவ,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் பூவம்மை. பெண்கள் சிரிக்கிறார்கள். மாடத்தி சிரிக்கவில்லை. “போன மாசம் காய்ச்சல்ல செத்த எனக்க மாப்பிளையும் இதுக்குள்ளயா கெடக்காரு?” “வேதம் அப்பிடித்தான் சொல்லுது. நீயாவது தப்பிச்சுக்கோ, மக்கா.” சுண்ணாம்பு தின்ற விரலால் அவள் படத்திலிருக்கும் நாக்கைத் தடவுகிறாள். “சாவும்போ தண்ணி தண்ணின்னு கெடந்தாராம். நான் இங்க சிப்பி சுமந்தேன். இப்ப நானும் தப்பிச்சுப் போனா, அவருக்கு ஆரு குடுப்பா?” உபதேசியார் படத்தைச் சுருட்டத் தொடங்குகிறார். செத்தவனுக்குக் கொடுக்காத ஒரு வாய்த் தண்ணீர் அவள் தலையில் கடனாக நிற்கிறது.