மேலே பார்த்தவர்கள்

இரும்பைத் தேடும் கருவி மறுபடியும் அலறியது.

அவன் நின்றான். காலடியில் தேரி. இந்தச் சிவப்பு மணல் மேடு முழுக்கக் கொஞ்சம் இரும்பு கலந்திருக்கும். அதற்குக் கருவி முனகத்தான் செய்யும்.

இது முனகல் இல்லை.

திரும்பிப் பார்த்தான். பவுலின் மூன்றடி பின்னால் நின்றாள்.

"ஊக்கு ஏதும் வச்சிருக்கீங்களாம்மா?"

அவள் தாலிக்கொடியைச் சேலைக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தாள். அதில் இரண்டு ஊக்குகள். இரும்பு எதுவும் கூடாது என்று சொன்னபோது சாவி, கொண்டை ஊசி, செல்போன் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வந்தவள் இதை மறந்துவிட்டாள். பெண்கள் ஊக்கையும் தாலியோடு சேர்த்துவிடுகிறார்கள். காலையிலிருந்து நான்கு இடத்தில், வேடிக்கை பார்க்க வந்த பெண்களின் இதே ஊக்கு அவனைக் குழி தோண்ட வைத்திருக்கிறது.

அவள் இரண்டையும் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டு, தள்ளி நின்ற பனைமரம் வரை போனாள்.

இருபத்திரண்டு நாள் முன்பு, பொழுது சாயும் நேரம். கடலும் வானமும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. கரையில் நின்ற பதினொரு பேர் வானத்தில் ஒரு சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார்கள். மேலே போய் நின்றது. பிறகு, யாரோ கயிறு கட்டி இறக்குவது போல, மெதுவாகத் தேரிக்குள் இறங்கியது.

டிவிக்காரர்கள் வந்தார்கள். பறக்கும் தட்டு என்றார்கள். டிவிக்குச் சந்தேகம் என்ற ஒன்று வருவதே இல்லை.

கல்லூரியில் நிலத்தின் காந்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துபவன் அவன். என்னவென்று பார்த்து அறிக்கை எழுத அனுப்பியிருந்தார்கள்.

அதே மாலை ஒரு படகு திரும்பவில்லை. அதில் மூன்று பேர். ஒருவன் பவுலினின் கணவன் கஸ்பார்.

ஆழ்கடலுக்குப் போன படகு. அதனால் ஆழ்கடலில் தேடினார்கள். ஒன்பது நாள் தேடிவிட்டு நிறுத்தினார்கள். பிறகு ஊர் வேறு மாதிரி பேசத் தொடங்கியது. தட்டுதான் படகைத் தூக்கிப் போயிருக்கிறது என்று. தூக்கிப் போனது ஒருநாள் திரும்பக் கொண்டுவந்து விடும் என்று.

பவுலின் அதைச் சிரித்து ஒதுக்கினாள்.

ஆனாலும் கருவியைப் பார்த்ததும் கூடவே வந்துவிட்டாள்.

சாட்சி சொன்னவர்களின் தாள்கள் அவன் தோள்பையில் இருந்தன. பத்துப் பேரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லியிருந்தார்கள். சிவப்பு. சத்தம் இல்லை. அரை நிமிடத்துக்கு மேல் எரிந்தது. ஒருவர் கைதட்டியிருக்கிறார். இரண்டு பேர் படம் எடுத்திருக்கிறார்கள். படங்களில் வானம் மட்டும்.

பதினொன்றாவது தாள் பவுலினுடையது. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தான்.

"பிள்ளைய இடுப்புல வச்சிருந்தேன் சார். அது கடலையே பாத்துக் கைய நீட்டிட்டு இருந்துச்சு. அங்க என்னட்டி இருக்கு, மேல பாருன்னு நாந்தான் தாடையப் புடிச்சுத் திருப்புனேன்."

அதைச் சொல்லும்போது அவள் லேசாகச் சிரித்தாள். எழுதும்போது அவனும் சிரித்தான்.

கருவி அலறியது.

இந்த முறை பக்கத்தில் யாரும் இல்லை.

மண்டியிட்டு மணலைக் கையால் விலக்கினான். ஒரு சாண் ஆழத்தில் கருகிய இரும்புக் குவளை ஒன்று. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் முனையில், குடையாக விரிந்து பிறகு தீய்ந்து சுருங்கிய துணி.

அவனுக்குத் தெரிந்த பொருள்தான். ஆபத்தில் இருக்கும் படகு உதவி கேட்டு வானத்தில் விடும் வெளிச்சம். மீனவர் சங்கம் படகுக்கு இரண்டு கொடுத்திருந்தது. காலையில் கரையில் நின்ற படகுகளில் பார்த்தான். நல்ல சாமான் வீணாகக் கூடாது என்று எல்லாரும் உறை பிரிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். அது எரிந்து இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். இது வெகுதூரம் பறக்காது. இங்கே விழுந்திருக்கிறது என்றால் படகு கரையிலிருந்து அரை மைலுக்குள் இருந்திருக்கிறது. ஆழ்கடலில் இல்லை. இதோ, இங்கே. திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த மங்கலில் படகு தாழ்ந்துகொண்டிருந்திருக்கும். கரையில் பதினொரு பேர் நின்றார்கள். பதினொரு பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை மட்டும் கடலைப் பார்த்தது.

அவன் குவளையிலிருந்த மணலைத் தட்டினான்.

"கெடச்சுதா சார்?" பனைமரத்தடியிலிருந்து அவள் கேட்டாள்.

"கெடச்சுதும்மா. வீட்டுக்குப் போவோம். உங்க ஆளுங்களையும் கூப்பிடுங்க. உக்காந்து சொல்றேன்."

அவன் கிட்டே வரும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியை அவள் ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திறந்தாள்.

"இத மாட்டிக்கிடவா?"

"மாட்டிக்கோங்கம்மா."

முதல் ஊக்கு சீக்கிரம் மாட்டிக்கொண்டது. இரண்டாவதற்கு நேரம் ஆனது.

பிறகு முன்னால் நடந்தாள்.

அவன் தாள்களை வெளியே எடுத்தான். பதினொன்றாவதை உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அறிக்கைப் படிவத்தைக் கருவிப் பெட்டியின் மேல் விரித்து நின்றபடியே எழுதினான்.

வானத்தில் தெரிந்த பொருள்: படகின் அபாய வெளிச்சம்.

படகு இருந்த இடம்: கரையிலிருந்து அரை மைலுக்குள்.

நேரில் பார்த்தவர்கள் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அவள் மேட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள், கடலைப் பார்க்காமல்.

பத்துப் பேர் என்று எழுதினான்.