அறுந்துபோகாத கம்பி

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தோடு புதிதாக ஒன்றை ஒட்டிக் கட்டினார்கள். அங்கே மாட்டிய ஏசிகளுக்கெல்லாம் பழைய கேபிள்தான் கரண்ட் சுமந்தது. பாரம் தாங்காமல் அது கொதித்தபோதெல்லாம், பியூஸ் கம்பி தன்னை உருக்கிக்கொண்டு அதைக் காப்பாற்றியது. அடிக்கடி கரண்ட் போகிறதே என்று அலுத்துக்கொண்ட மனிதர்கள், பியூஸ் இருந்த இடத்தில் ஒரு தடித்த கம்பியை முறுக்கிவிட்டார்கள்.

அன்று மதியமே கேபிளின் தோல் இளகியது.

"தம்பி, உடம்பெல்லாம் எரியுது. கொஞ்சம் அறுந்துபோயேன்" என்று கெஞ்சியது.

"எனக்கு ஒண்ணும் சுடலையேண்ணே! அறுந்தா என் பேரு கெட்டுப்போகும்" என்றது கம்பி.

கேபிளுக்கு உருகிப்போன தம்பிகளின் நினைப்பு வந்தது. அதற்குள் தீப்பிடித்து நூலகம்வரை பரவிவிட்டது.

மறுநாள் சாம்பலைக் கிளறியவர்கள் கம்பியைக் கையிலெடுத்து, "இது மட்டும் அப்படியே இருக்கு பாரேன்!" என்று வியந்தார்கள்.