பாலம் வரைக்கும் மாமியார்

"பாலைக் காய்ச்சச் சொன்னா பாத்திரத்தைக் காய்ச்சி வெச்சிருக்கா! பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க!"

கரி பிடித்த பால் பாத்திரத்தைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டியபடி அந்த அம்மாள் கடைத்தெருவின் நடுவே வந்துகொண்டிருந்தாள். மற்றொரு கையில், முக்காடிட்ட ஓர் இளம்பெண்ணின் மணிக்கட்டு. அப்பெண் தலை நிமிரவில்லை, வாய் திறக்கவில்லை.

"துணி துவைச்சா அழுக்கு அப்படியே இருக்கும், பட்டன் மட்டும் போயிடும். எனக்குன்னு வாய்ச்சா பாருங்க மருமக! நடடி, உங்க அம்மா வீட்டுக்கே போ!"

முந்தைய நாள்தான் ஆட்சி கவிழ்ந்திருந்தது. கடைகள் பெரும்பாலும் அடைப்பு. ஆயினும் கதவிடுக்குகளிலிருந்து தீர்ப்புகள் தாராளமாக வந்தன.

"ஊரே பத்தி எரியுது. மருமகளைத் துரத்த இந்தம்மாவுக்கு இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா?" என்றார் தையற்காரர்.

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுதா பாருங்க. தங்கமான பொண்ணு!" என்றாள் மருந்துக் கடைக்காரி.

பிறர் வீட்டுச் சண்டைக்கு நீதிபதியாக நம்மில் எவரும் நியமன ஆணைக்குக் காத்திருப்பதில்லை.

கடைத்தெரு முடிந்து, ஆளற்ற சந்து ஒன்று வந்தது. அம்மாள் பிடியைத் தளர்த்தினாள், குரலையும்.

"டாக்டரம்மா, கை வலிக்குதா? கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிட்டேன்."

"இல்லை, அம்மா. நீங்கள்... மிகவும் நன்றாக... திட்டுகிறீர்கள்."

ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தாள் அவள். கடல் கடந்து வந்தவள். தரும ஆஸ்பத்திரியில் ஊதியமின்றிப் பல் வைத்தியம் பார்த்தவள். அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருப்பவள். 'எல்லாவற்றுக்கும் அந்நியர்களே காரணம்' என்று எவரோ கிளப்பிவிட, கூட்டம் இன்று அந்நியரைத் தேடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அப்பால் அவள் நாட்டுத் தூதரகத்தின் பேருந்து நிற்கிறது. இதை விட்டால் வேறு பேருந்து இல்லை. பாலத்தின் மேலோ அந்தக் கூட்டத்து ஆட்களே தடிகளுடன் காவல். கடப்பவர் ஒவ்வொருவரையும் பேச வைத்தார்கள். முக்காடு மறைப்பதை நாக்கு காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா?

"நீங்க வாயே திறக்காதீங்க. மாமியார் திட்டும்போது நடுவுல எவனும் வர மாட்டான். மருமகளா இருந்து பட்டவ சொல்றேன்."

பாலம் வந்தது. பாத்திரம் மறுபடியும் மேலே போனது.

"நில்லுங்க!" ஒரு வாலிபன் தடியைக் குறுக்கே நீட்டினான். "பேரு? தெரு?"

"அதை ஏன் தம்பி கேக்குற? இவ வந்த நாளா எங்க தெருவே சிரிக்குது! அடுப்புல பாலை வெச்சிட்டு எங்க போனான்னு கேளு!"

"உங்களைக் கேக்கலம்மா. அந்தப் பொண்ணு பேசட்டும்."

அம்மாள் பாத்திரத்தை அவன் மூக்கருகே நீட்டினாள். குரலும் இறங்கவில்லை.

"இவளா? நான் கேட்டாலே பதில் வராது. உனக்கு வந்துடுமா?"

வாலிபன் விடுவதாக இல்லை. முகத்தில் துணி சுற்றியிருந்த தலைவனிடம் திரும்பினான். "அண்ணே, எல்லாரையும் பேச வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

தலைவன் நெருங்கி வந்தான். முக்காட்டுக்குள் குனிந்து பார்த்தான். தேவைக்கு மேல் ஒரு கணம் பார்த்தான். அம்மாள் அப்பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"டேய், மாமியார் பேசும்போது மருமக பேசுவாளாடா? உங்க வீட்ல எப்படி?"

"எங்க வீட்ல என் பொண்டாட்டி மட்டும்தாண்ணே பேசுறா!"

காவல் நின்றவர்கள் தடியை மறந்து சிரித்தார்கள்.

"நீ ஒண்ணும் பேச வேணாம், தாயி. போ. உங்க அம்மா வீட்டுக்குப் பத்திரமாப் போய்ச் சேரு," என்றான் தலைவன்.

பேருந்தின் படியில் ஏறியதும் அப்பெண் திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன. "பாத்திரத்தை... உண்மையிலேயே கருக்கியது... நான்தான், அம்மா."

"தெரியும் கண்ணு. அதனாலதானே திட்டு இவ்வளவு கோர்வையா வந்துச்சு!"

பேருந்து கண்ணுக்கு மறையும் வரை நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாள் திரும்பினாள். நெஞ்சுக்குள் ஒரு பெருமிதம்: தடி பிடித்த முரடர்களை ஒற்றைப் பாத்திரத்தால் ஏமாற்றிவிட்டாள்! மூளை இல்லாத பயல்கள்!

பாலத்தின் நடுவே அந்தத் தலைவன் தனியே வந்து வழிமறித்தான்.

"மருமகளை ஏத்தி விட்டாச்சாம்மா?"

"ஒழிஞ்சா தம்பி! இனிமேதான் எனக்கு நிம்மதி."

அவன் முகத்தில் சுற்றியிருந்த துணியை மெல்ல அவிழ்த்தான். ஒரு பக்கத்துக் கன்னம் இன்னும் லேசாகப் புடைத்திருந்தது.

"அவங்க போன் பண்ணினா மறக்காம ஒண்ணு சொல்லிடுங்கம்மா," என்றான் தணிந்த குரலில். "போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் புடுங்கிவிட்டாங்களே, அந்த வீக்கம் நல்லா வடிஞ்சிட்டு வருதுன்னு."